ஒரே அச்சில் மூன்று நூல் வார்க்க முடியாது

கவிதைத் தொகுப்பு ஒன்று, சிறுகதைத் தொகுப்பு ஒன்று, சமையல் நூல் ஒன்று. மூன்றும் ஏ5 அளவு. மூன்றுக்கும் உள்ளே 80 கிராம் சிமிலி தாள் (சதுர மீட்டருக்கு 80 கிராம் எடையுள்ள, பூச்சில்லாத வெள்ளைத் தாள்), மேலே 260 கிராம் ஆர்ட் கார்ட் அட்டை, முதுகில் பசை. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் புத்தகக் கடை மேசையில் மூன்றையும் அடுத்தடுத்து வைத்தால் அட்டைப் படத்தைத் தவிர வேறு வித்தியாசம் தெரியாது. ஏன் இப்படி என்று கேட்டால், "எல்லாரும் இப்படித்தான் போடுறாங்க" என்று பதில் வரும். கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. கவிதை படிக்கிறவர் வரி எங்கே முடிகிறது என்று பார்க்கிறார். கதை படிக்கிறவருக்கு வரி முடிவதே தெரியக்கூடாது. சமையல் நூலைத் திறந்து வைத்திருப்பவருக்கோ இரண்டு கையிலும் மாவு.

புதிதாக நூல் போட நினைக்கும் கோலாலம்பூர், பினாங்கு நண்பர்களுக்காக இந்தக் குறிப்புகள். சமையல் நூலில் தொடங்குவோம். அதில் செய்த தவறு அன்றைக்கே சட்டியில் தெரிந்துவிடும்.

"எலுமிச்சம்பழ அளவு புளி" என்று எழுதுகிறோம். தமிழ்நாட்டில் அது பெரும்பாலும் 25, 30 கிராம். இங்கே பாசாரில் எலுமிச்சை என்று கேட்டால் லிமாவ் நிப்பிஸ் தருவார்கள், லிமாவ் கஸ்தூரியும் தருவார்கள். கஸ்தூரி கோலிக்குண்டைவிடக் கொஞ்சம்தான் பெரியது. அதே வாக்கியத்தைப் படித்து இரண்டு பேர் சமைத்தால் ஒருவர் குழம்பு புளிக்கும், இன்னொருவர் குழம்பு சப்பென்றிருக்கும். கிராமில் எழுதிவிட்டால் சண்டையில்லை.

"ஒரு கப்" அதைவிட மோசம். ரைஸ் குக்கரோடு வரும் கப் 180 மில்லி. மெட்ரிக் அளவுக் கப் 250 மில்லி. அமெரிக்கக் காணொளிகளில் வருவது 240 மில்லிக்குப் பக்கம். அரிசிக்கு ரைஸ் குக்கர் கப்பையும் தண்ணீருக்கு மெட்ரிக் கப்பையும் எடுத்தால் நெய்ச்சோறு கஞ்சியாகும். முதல் பக்கத்திலேயே சொல்லிவிடுங்கள்: இந்த நூலில் கப் என்றால் 250 மில்லி, மேசைக்கரண்டி 15, தேக்கரண்டி 5. தேங்காய்ப் பாலையும் "அரை மூடித் தேங்காய்" என்று விடாமல் மில்லியில் எழுதுங்கள். அது பிழிந்த பாலா, 200 மில்லி பெட்டியில் வரும் கெட்டிச் சந்தானா என்பதும் வேண்டும். பெட்டிப் பாலை அப்படியே இரண்டாம் பால் ஊற்றும் இடத்தில் ஊற்றிவிட்டு, "கறி திரண்டுபோச்சு" என்று புலம்புகிறவர்கள் நிறைய.

கிட்டத்தில் போய் ஒன்றைப் பார்ப்போம். இறால் சம்பல் பெரும்பாலும் இப்படித்தான் அச்சாகிறது: "காய்ந்த மிளகாய், வெங்காயம், பூண்டு, பெலாச்சான் ஆகியவற்றை அரைத்து எண்ணெயில் நன்கு வதக்கி, புளி, உப்பு, சீனி சேர்த்து, இறாலைப் போட்டு இறக்கவும்." இதில் பொய் ஒன்றும் இல்லை. சம்பல் செய்யத் தெரிந்தவர் இதைப் படித்துச் செய்துவிடுவார். ஆனால் தெரிந்தவர் இந்த நூலை வாங்கப்போவதில்லை.

அதையே செய்து பார்க்கும்படி எழுதினால்:

நான்கு பேருக்கு. காய்ந்த மிளகாய் 20 கிராம், விதை உதறியது. தோலுரித்த சின்ன வெங்காயம் 150 கிராம். பூண்டு 4 பல். பெலாச்சான் (இறால் விழுதுக் கட்டி) 10 கிராம், வெறும் சட்டியில் இரண்டு நிமிடம் வாட்டியது. எண்ணெய் 100 மில்லி. புளி 20 கிராம், 100 மில்லி வெதுவெதுப்பான நீரில் கரைத்து வடித்தது. சீனி ஒரு மேசைக்கரண்டி, உப்பு முக்கால் தேக்கரண்டி. ஓடு நீக்கிய இறால் 400 கிராம்.

மிளகாயைச் சுடுநீரில் 20 நிமிடம் ஊறவைத்து, அந்த நீரைக் கொட்டிவிடவும். வெங்காயம், பூண்டு, பெலாச்சானோடு சேர்த்து அரைக்கவும். பிளெண்டர் சுற்றவில்லை என்றால் மூன்று மேசைக்கரண்டி நீர் போதும், அதற்கு மேல் வேண்டாம். 28 செண்டிமீட்டர் குவாலியில் (வாணலியில்) எண்ணெயைக் காயவைத்து விழுதைப் போட்டு, சிறு தீக்கும் நடுத் தீக்கும் இடையில் 15 நிமிடம் கிளறவும். முதல் ஐந்து நிமிடம் படபடவென்று தெறிக்கும். பிறகு சத்தம் அடங்கும், பளிச்சென்ற சிவப்பு செங்கல் நிறத்துக்கு இறங்கும், ஓரத்தில் எண்ணெய் பிரிந்து நிற்கும். அது வரும்வரை புளி ஊற்றக்கூடாது. புளி, சீனி, உப்பு சேர்த்து மேலும் ஐந்து நிமிடம். இறாலைப் போட்டு, சுருண்டு வெள்ளையாகும்வரை மூன்று நான்கு நிமிடம். உடனே இறக்கவும்.

இரண்டாவது வடிவம் நீளம்தான். ஆனால் எது கெடும், ஏன் கெடும் என்பது அதற்குள்ளேயே இருக்கிறது. அரைக்கும்போது நீர் கூடினால் விழுது வதங்காமல் கொதிக்கும். எண்ணெய் பிரிய அரை மணி ஆகும், அவ்வளவு நேரம் பொறுக்காமல் இறக்கினால் மிளகாயின் பச்சை நெடி போகாது. சீனியை முதலிலேயே போட்டால் அடிப்பிடித்துக் கசக்கும். இறாலை அதிகம் வேகவிட்டால் ரப்பர். "நன்கு வதக்கி" என்ற இரண்டு சொல்லில் இத்தனையும் ஒளிந்துகிடந்தது. எட்டுப் பேருக்குச் செய்யும்போது எல்லாவற்றையும் இரட்டிப்பாக்கச் சொல்லாதீர்கள். எண்ணெய் ஒன்றரை மடங்கு போதும், நேரம்தான் கூடும்.

எழுதி முடித்ததும், சமைக்கத் தெரியாத இருவரிடம் தாளை மட்டும் கொடுத்துச் செய்யச் சொல்ல வேண்டும். எழுதியவர் அடுப்படிப் பக்கமே போகக்கூடாது. அவர்கள் கேட்கும் ஒவ்வொரு கேள்வியும் விட்டுப்போன ஒரு வரி.

மீன் பெயர் இன்னொரு சிக்கல். வஞ்சிரம் என்று மட்டும் எழுதினால் சௌகிட் சந்தையில் பாதிப் பேருக்குப் புரியாது. தெங்கிரி என்று மட்டும் எழுதினால் சென்னையில் புரியாது. முதல் முறை இரண்டையும் எழுதுங்கள்: வஞ்சிரம், இங்கே தெங்கிரி. வவ்வால், பாவால். கொடுவா, சியாகாப். களவா, கெராப்பு. பிறகு ஏதாவது ஒன்றையே கடைசிவரை பிடித்துக்கொள்ளுங்கள்.

கட்டமைப்புக்கு வருவோம். முதுகில் பசை போட்ட நூல் அடுப்படியில் தானாக மூடிக்கொள்ளும். அதை விரித்து வைக்க உப்பு ஜாடியைத் தூக்கி மேலே வைப்பார்கள், மூன்றாம் வாரம் பக்கம் கழன்று வரும். நூலால் தைத்த கட்டு தட்டையாக விரியும், செலவு கூடும். கம்பிச் சுருள் கட்டு அதைவிட நன்றாக விரியும். ஆனால் அதற்கு முதுகு கிடையாது என்பதால் கடை அலமாரியில் பெயர் தெரியாமல் போகும், கடைக்காரர் முகம் சுளிப்பார். நேரில் விற்கும் நூல் என்றால் சுருளுக்குப் போகலாம். எந்தக் கட்டானாலும் ஒரு பதார்த்தம் எதிரெதிர் இரண்டு பக்கத்துக்குள் முடிய வேண்டும். எண்ணெய்க் கையோடு பக்கம் புரட்ட வைப்பது பாவம். அட்டைக்கு மேட் லேமினேஷன் பார்க்க அழகு, மஞ்சள் கறை பட்டால் போகாது. பளபளப்பு லேமினேஷனைத் துணியால் துடைத்துவிடலாம்.

படங்கள். ஏ5 முழுப்பக்கப் படத்துக்குச் சுற்றிலும் 3 மில்லிமீட்டர் வெட்டுக்கு விட்டு, 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) கணக்கில் 1820-க்கு 2550 பிக்சல் வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும். டாக்குமெண்டாக இணைத்து அனுப்பச் சொல்லுங்கள். அடுப்படி ஃபுளோரசண்ட் விளக்கில் எடுத்த பருப்புக் கறி அச்சில் பச்சையடித்துப்போகும். சன்னலோரம், காலை வெளிச்சம், விளக்கு அணைத்து: இது போதும். படங்களை நான்கு வண்ண அச்சுக்கு மாற்றியபின் ஒருமுறை தாளில் பார்த்தே ஆக வேண்டும். கணினித் திரையில் ஒளிரும் சம்பல் சிவப்பு, தாளில் செம்மண் நிறமாக இறங்கியிருக்கும்.

கவிதைக்கு இந்தத் தொல்லை எதுவும் இல்லை. அதன் தொல்லை வேறு.

இந்த மூன்று வரியைப் பாருங்கள் (அஞ்சடி என்பது கடைவரிசைக்கு முன்னால் கூரையோடு இருக்கும் நடைபாதை):

மழை விட்டும்
அஞ்சடியில் நிற்கிறார்கள்
வீடு அதே தூரத்தில்தான் இருக்கிறது

எழுத்துப் பெரிதாக இருந்து, பக்க ஓரமும் தாராளமாக விட்டிருந்தால் மூன்றாம் வரி மடிந்து "இருக்கிறது" மட்டும் கீழே தனியாக விழும். வாசகர் அதை நான்காம் வரி என்று நினைப்பார். கவிஞர் ஏன் இருத்தலை இப்படித் தனித்து நிறுத்தினார் என்று யோசிப்பார். விமர்சகர் கையில் சிக்கினால் ஒரு பத்தியே எழுதிவிடுவார். செய்தது கணினி.

பக்கம் கட்டும் முன் தொகுப்பு முழுவதிலும் மிக நீளமான வரியைத் தேடி எடுங்கள். அது ஒரே வரியில் அடங்கும்படி எழுத்தளவையும் ஓரத்தையும் முடிவு செய்யுங்கள். எப்படியும் அடங்காத வரி மடியும்போது, மடிந்த துண்டு நான்கைந்து எழுத்து உள்தள்ளி நிற்க வேண்டும். அது புது வரி இல்லை என்பதற்கு அதுதான் அடையாளம். பத்திக்குள் வரி முறிக்க ஷிஃப்ட் எண்டர், பத்தி முடிய எண்டர் என்று பழகிக்கொண்டால் பிறகு இடைவெளி மாற்றும்போது கவிதை சிதறாது.

நடுப்பக்கமாக எல்லா வரியையும் ஒதுக்கும் பழக்கத்தை விட்டுவிடலாம். கல்யாணப் பத்திரிகைக்கு அது பொருந்தும். கவிதையில் கண் ஒவ்வொரு வரிக்கும் தொடக்கத்தைத் தேடி அலையும்.

பக்கம் மாறும் இடம் இன்னும் நுட்பமானது. கவிதை அடுத்த பக்கத்துக்குப் போகிறது, முதல் பக்கம் ஒரு பத்தியின் முடிவில் நிற்கிறது என்று வையுங்கள். பத்தி முடிந்ததா, தொடர்கிறதா என்று தெரியாது. பத்திக்கு இடையில் விட்ட வெற்று வரி பக்கத்தின் அடியில் காணாமல் போய்விட்டது. ஆகவே நீள் கவிதையைப் பத்தியின் நடுவில் முறியுங்கள், இரண்டு பக்கமும் குறைந்தது இரண்டு வரி நிற்கட்டும். இரண்டு பக்கக் கவிதையை இடப்பக்கத்தில் தொடங்கினால் இந்தத் தலைவலி குறையும்.

மரபுக் கவிதை என்றால் பிழை திருத்துபவருக்கு யாப்பு தெரிந்திருக்க வேண்டும். நேரிசை வெண்பாவில் இரண்டாம் அடியின் கடைசியில் வரும் தனிச்சொல்லுக்கு முன் ஒரு சிறு கோடு இடுவது வழக்கம். அதைப் பிழை என்று நினைத்து அழிப்பவர்கள் உண்டு. சீர் பிரித்து எழுதியதைச் சொல் பிரித்துச் "சரிசெய்து" தளையைத் தட்டவிடுவார்கள். ஈற்றடியில் மூன்று சீர்தான் என்பதால் அது குட்டையாக நிற்கும். அதை இழுத்துப் பக்க ஓரம்வரை நீட்டும் வடிவமைப்பாளரும் இருக்கிறார்.

கவிதை நூல் ஒல்லியாக இருக்கும். 96 பக்கம் என்றால் 48 தாள், சிமிலி 80 கிராம் ஒரு தாள் சுமார் 0.1 மில்லிமீட்டர், முதுகு 4.8 மில்லிமீட்டர். இரண்டு பக்கமும் ஒரு மில்லிமீட்டர் விட்டால் முதுகில் போடும் நூல் பெயருக்கு எட்டு பாயிண்ட் எழுத்துக்கூட இறுக்கிப் பிடிக்கும். தமிழில் மேலே சுழியும் கீழே வளைவும் இருப்பதால் அதிலும் பாதி அட்டை மடிப்பில் ஏறிவிடும். கொஞ்சம் உப்பிய கிரீம் தாள் எடுங்கள். ஒரு தாள் 0.13 இருந்தால் முதுகு 6 மில்லிமீட்டரைத் தாண்டும், தாளும் பின்பக்க எழுத்தைக் காட்டாது. 64 பக்கத்துக்குள் அடங்கும் தொகுப்புக்கு நடுவில் ஸ்டேபிள் பின் அடிப்பதே மேல், அங்கே பக்க எண்ணிக்கை நான்கால் வகுபட வேண்டும்.

கதை நூலில் அச்சைவிட உள்ளடக்கச் சரிபார்ப்புதான் வேலை வாங்கும். நம் கதைகள் பெரும்பாலும் தோட்டத்திலும் பழைய கோலாலம்பூரிலும் நடக்கின்றன, எழுதுகிறவர் இன்றைய கோலாலம்பூரில் உட்கார்ந்திருக்கிறார். 1980-இல் நடக்கும் கதையில் பினாங்குப் பாலத்தில் பேருந்து போகும். பாலம் திறந்தது 1985-இல். அதற்கு முன் பட்டர்வொர்த்தில் இறங்கி ஃபெர்ரிதான். 1990-இல் கதாநாயகி கேஎல் சென்ட்ரலில் காத்திருப்பாள். அந்த நிலையம் 2001-இல்தான் திறந்தது. 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னால் தள்ளியது. ஆகவே 1970-களின் பெரட்டு (தோட்டத்தில் விடியற்காலை ஆள் கணக்கெடுப்பு) காட்சியில் "ஏழு மணியாகியும் விடியவில்லை" என்று எழுத முடியாது. அந்தக் காலத்து ஏழு மணிக்கு வெயில் வந்திருக்கும். பணத்துக்கு ரிங்கிட் என்ற பெயர் அதிகாரபூர்வமானது 1975-இல். பாத்திரங்கள் வெள்ளி என்று பேசுவதால் வசனத்தில் தப்பித்துவிடலாம், கதைசொல்லி வாயில் 1960-இல் ரிங்கிட் வந்தால் இடறும்.

மலாய்ச் சொற்களுக்கு ஒரு பட்டியல் போடுங்கள். கம்போங்கா கம்பமா, தௌக்கேயா தவுக்கேயா என்று ஒன்றை முடிவு செய்து நூல் முழுக்க அதையே வையுங்கள். பாத்திரங்களின் பெயர், வயது, உறவுமுறையையும் அதே பட்டியலில் சேர்த்தால் ஐந்தாம் அத்தியாயத்தில் செத்த மாமா பத்தில் எழுந்து வரமாட்டார். அயற்சொல்லைச் சாய்வெழுத்தில் போட வேண்டாம். தமிழெழுத்தைச் சாய்த்தால் கொம்பும் சுழியும் குடிகாரன்போல் நிற்கும். பாசார், பெலாச்சான் என்று சொல்லும் வாசகருக்கு அவை அயற்சொல்லும் இல்லை.

இரண்டு ஓரமும் சமன் செய்த உரைநடையில் நீண்ட தமிழ்ச் சொற்கள் பெரிய பெரிய ஓட்டைகளை விடும். சொல்லை முறிக்க அனுமதியுங்கள், ஆனால் அடுத்த வரி புள்ளி எழுத்தில் தொடங்கக்கூடாது. "பார்த்" என்று முறித்து "தான்" என்று தொடங்கலாம். "பார்" என்று முறித்து "த்தான்" என்று தொடங்கினால் பல்லில் கல். எழுத்து 11 பாயிண்ட் என்றால் வரி இடைவெளி 16 வேண்டும். ஆங்கிலக் கணக்கில் 13 வைத்தால் மேல்வரியின் கூவும் கீழ்வரியின் கீயும் முட்டிக்கொள்ளும்.

பழைய கதைகளைத் தொகுப்பவர்களுக்கு ஒன்று. 1924 முதல் 2019 வரை வந்த தமிழ் நேசன் போன்ற நாளிதழ்களின் ஞாயிறு பக்க நறுக்குகளை வருடி எழுத்தாக மாற்றும்போது ண-ன, ர-ா குழப்பம் ஏராளமாக வரும். பழைய வடிவ லை, னை, றா எல்லாம் மென்பொருளுக்குப் புரியாது. முழுவதையும் ஒருவர் வாய்விட்டுப் படிக்க, இன்னொருவர் மூலத்தைப் பார்த்துக்கொண்டு வர வேண்டும். யூனிகோடுக்கு முந்திய பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய கோப்பு என்றால் யூனிகோடுக்கு மாற்றியபின் "ா்" என்று தேடிப் பாருங்கள். அது பார்வைக்கு "ர்" மாதிரியே இருக்கும், உள்ளே கால் மேல் புள்ளி. ஔகாரத்தின் இடத்தில் ள எழுத்து உட்கார்ந்திருக்கும். அச்சில் யாருக்கும் தெரியாது, மின்னூலாகப் போட்டுத் தேடும்போது சொல் அகப்படாது. பக்கம் கட்டும் மென்பொருளான இன்டிசைனில் தமிழ் ஒட்டியதும் ஒற்றைக் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நின்றால், எழுத்துருவைத் திட்டாதீர்கள். பாராகிராப் அமைப்பில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுத்தால் சரியாகிவிடும். முரசு அஞ்சல் தமிழ் மென்பொருளும் மெக் கணினியில் வரும் இணைமதி எழுத்துருவும் முத்து நெடுமாறன் இங்கிருந்து செய்தவை. இந்த ஊரில் தமிழெழுத்து உடைந்து அச்சாவதற்குச் சாக்குச் சொல்ல முடியாது.

அரசுக் காரியங்கள் சுருக்கமாக. ஐஎஸ்பிஎன் (நூலுக்கான சர்வதேசத் தர எண்) ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தேசிய நூலகத்தில் வாங்க வேண்டும். மலேசிய எண்கள் 978-க்குப் பின் 967, 983, 629 என்று தொடங்கும். அச்சு நூலுக்கு ஒன்று, மின்னூலுக்கு வேறொன்று. மாற்றமில்லாத மறு அச்சுக்குப் புது எண் வேண்டாம். 1984-ஆம் ஆண்டு அச்சகங்கள், வெளியீடுகள் சட்டப்படி அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் முதல் தாளிலோ கடைசித் தாளிலோ மலாயிலோ ஆங்கிலத்திலோ இருக்க வேண்டும். தமிழில் மட்டும் போட்டால் போதாது. 1986-ஆம் ஆண்டு நூலக ஒப்படைப்புச் சட்டப்படி, வெளியான ஒரு மாதத்துக்குள் ஐந்து பிரதி தேசிய நூலகத்துக்குப் போக வேண்டும். அச்சிடும் எண்ணிக்கையில் அந்த ஐந்தைச் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பின்னட்டைப் பட்டைக்குறியை அழகுக்காகச் சிவப்பில் போட வேண்டாம். கடையின் சிவப்பு ஒளிக்கு அது வெற்றுத்தாளாகத் தெரியும். வெள்ளைப் பின்னணியில் கருப்பு, அவ்வளவுதான். சினிமாப் பாட்டு வரியை முகப்பில் எடுத்துப்போட அனுமதி வேண்டும். இங்கே பதிப்புரிமை எழுதியவர் மறைந்து 50 ஆண்டுவரை நிற்கும்.

அச்சகத்தில் கேட்க வேண்டியது தாளின் இழை எந்தத் திசை என்பது. இழை முதுகுக்கு இணையாக ஓட வேண்டும். குறுக்காக ஓடினால் நம் ஊர் ஈரக்காற்றில் பக்கம் அலையலையாக நெளியும், நூல் விரிய மறுக்கும். ஒரு தாளைக் கிழித்துப் பாருங்கள், இழையோடு கிழித்தால் நேராகப் போகும், குறுக்கே கிழித்தால் கோணும். மாதிரிப் பிரதி ஒன்றைக் கையில் வாங்காமல் "ஓகே" சொல்லாதீர்கள். பிடிஎஃப்பில் சரியாக இருந்த எழுத்து அச்சில் பெட்டி பெட்டியாக வந்தால், எழுத்துருவைக் கோப்புக்குள் பதிக்கவில்லை என்று பொருள்.

வெளியீட்டு விழா மாலை ஏழு மணிக்கு, நூல் வந்து இறங்குவது மதியம் மூன்று மணிக்கு என்பது நம்மிடம் ஏறக்குறைய மரபாகிவிட்டது. பசை சரியாக இறுக ஒரு நாளாவது வேண்டும். சூடு ஆறாத நூலை மேடையில் விரித்துக் காட்டினால் முதல் பிரதி வாங்கியவர் கையிலேயே பக்கம் வரும், அவர் உறையில் வைத்துக் கொடுத்த தொகை எவ்வளவாக இருந்தாலும். மூன்று நாள் முன்னதாக வாங்குங்கள். மேல் பெட்டியை விட்டுவிட்டு அடிப்பெட்டியில் பத்துப் பிரதி எடுத்து, ஒவ்வொன்றையும் நடுப்பக்கத்தில் விரித்து, 16, 32, 48 என்று ஃபாரம் (ஒரே பெரிய தாளில் அச்சாகி மடித்த 16 பக்கம்) மாறும் இடங்களில் பக்க எண் தொடர்கிறதா என்று பாருங்கள்.